வகுப்புக்கு ஐந்தாவது ஆள்

பட்டமேற்படிப்பு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு நல்ல செய்தி. புவியியல் தெரியாமலேயே புவியியல் துறையில் ஓய்வு பெறும்வரை வேலை பார்க்கலாம். நான் பார்த்தேன். சிங்கப்பூரின் செங்காங்கில் என் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே கட்டிய புது புளோக்கில் போய் ஒருமுறை சாவியை நுழைத்துப் பார்த்தவன் நான். அந்த வீட்டுக்காரர் கதவைத் திறந்து, என்ன வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டார். அப்போதும் நான் புவியியல் துறையில்தான் இருந்தேன்.

என் பிரியாவிடை விருந்தில் இளையவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். பின்வரிசையில் பிரியாணி குறைந்துகொண்டிருப்பது மேடையிலிருந்து தெளிவாகத் தெரிந்ததால் ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டேன். மீதி மூன்றையும் இங்கே எழுதுகிறேன்.

நம் வேலை மாணவர்களின் பாடப் பதிவு. யாருக்கு எது கட்டாயம், யாருக்கு எது விருப்பம், எதை எப்போதுக்குள் எடுக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வது. நம் மாணவர்கள் கடல்மட்டம், எரிமலை, நகரங்களின் எதிர்காலம் என்று உலகத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள். அவர்கள் சரியான பொத்தானை அழுத்தினார்களா என்று கவலைப்படுகிறவர்கள் நாம். உலகம் எப்படியாவது உருண்டுவிடும். பொத்தான் தானாக அமுங்காது.

சிஸ்டத்தில் இரண்டு படிகள் உண்டு என்பதை இந்நேரம் உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். பாடத்தைத் தேர்வு செய்வது ஒன்று, அதை உறுதி செய்வது இன்னொன்று. நம் துறையில் சிந்தப்பட்ட கண்ணீரில் பெரும்பகுதி இந்த இரண்டு படிகளுக்கும் நடுவில் சிந்தப்பட்டது. அதில் ஒரு சொட்டு என்னுடையது.

கவிதா உயர்நிலைப்பள்ளியில் புவியியல் ஆசிரியை. பகுதிநேரமாக முதுகலை படித்துக்கொண்டிருந்தார். நடுவில் பிள்ளைப்பேறு, பிறகு மாமனாரின் இருதய அறுவைச் சிகிச்சை என்று இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியவர். மூன்றாவது முறை கிடையாது. அந்த செமஸ்டரோடு அவருடைய காலக்கெடு முடிகிறது. அதற்குள் முடிக்காவிட்டால் அதுவரை படித்த எல்லாப் பாடங்களும் பட்டமாக மாறாமல் வெறும் ஞாபகங்களாக நின்றுவிடும். அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு கட்டாயப் பாடம். கள ஆய்வு முறைகள். பேப்பரும் பென்சிலுமாகத் தெருவில் இறங்கி, கடை கடையாகப் பார்த்து வரைபடம் போடுவது.

சிக்கல் என்னவென்றால், அடுத்தடுத்து வந்த மாணவர்களுக்கு அந்தப் பாடம் கட்டாயமில்லை என்று துறை மாற்றிவிட்டது. அவர்கள் அதற்குப் பதிலாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்யும் பாடத்தை எடுக்கலாம். அது ஏர்கான் அறையில் நடக்கும். சிங்கப்பூரில் வெயிலும் ஏர்கானும் போட்டியிட்டால் யார் ஜெயிப்பார்கள் என்று யாரும் ஆய்வு செய்ததில்லை. தேவைப்பட்டதில்லை.

ஒரு பாடம் நடக்க ஐந்து பேர் வேண்டும். பதிவு மூடும் வாரத்தின் செவ்வாய்க்கிழமை கவிதா என் கவுண்ட்டருக்கு வந்தார்.

“மிஸ்டர் சேவியர், நாலுதான் காட்டுது.”

“எனக்கும் நாலுதான் காட்டுது. நம்ம ரெண்டு பேருக்கும் கண்ணு நல்லாருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. பொதுவாக என் நகைச்சுவைக்கு யாரும் சிரிப்பதில்லை என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“வெள்ளிக்கிழமைக்குள்ள அஞ்சாகலேனா?”

“பாடம் நடக்காது.”

“நடக்கலேனா என் கேஸு?”

அந்தக் கேள்விக்கு விடை எங்கள் இருவருக்குமே தெரியும். அதனால் இருவரும் கவுண்ட்டர் மேலிருந்த இனிப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“சொன்ன தேதிக்குள்ள குடுங்கன்னு தினமும் கிளாஸ்ல கத்துறேன்,” என்றார். “எம் மவ வேற கேட்டுக்கிட்டே இருக்கா. அம்மா, உன் ஹோம்வொர்க் எப்ப முடியும்னு. அவ கிண்டர்கார்டனே முடிச்சிட்டா லா.”

ஐந்தாவது ஆளுக்கு ஒரு பழைய வழி இருந்தது. பாடம் உறுதியாகும்வரை ஒரு நண்பரைப் பதிவு செய்யச் சொல்வது, உறுதியானதும் அவர் விலகிவிடுவது. எங்கள் அலுவலகத்தில் இதற்கு ‘ஆள் நிற்க வைப்பது’ என்று பெயர். எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. ஆனால் அந்த வருடம் விதி மாறியிருந்தது. இடையில் விலகினால் மதிப்பெண் பட்டியலில் ‘விலகினார்’ என்று ஒரு குறிப்பு நிரந்தரமாக நிற்கும்.

புதன்கிழமை கவிதா ஓர் ஆய்வு மாணவரைக் கையோடு அழைத்துவந்தார். நல்ல பிள்ளை. பதிவு செய்கிறேன், பிறகு விலகிக்கொள்கிறேன் என்றார். குறிப்பு நிற்குமே என்றேன். பரவாயில்லை என்றார். அவரை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டு, கவிதாவிடம் இது வேண்டாம் என்றேன்.

“அவரே சரிங்கறாரு. உங்களுக்கு என்ன லா?”

“அவருக்கு இன்னைக்குச் சரி. இன்னும் ரெண்டு வருஷத்துல வேலைக்குப் போவாரு. ஏன் விலகினீங்கன்னு இன்டர்வியூல கேப்பாங்க. அப்ப நீங்க பக்கத்துல உக்காந்து பதில் சொல்லுவீங்களா?”

“அப்ப என் கதி?”

“நாளைக்குள்ள ஏதாவது பாக்குறேன்.”

“பாக்குறேன்னா?”

“பாக்குறேன்னா எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியலேன்னு அர்த்தம்.”

அவர் கோபமாகப் போனார். நியாயமான கோபம். ஆனால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: நெருக்கடியில் நிற்பவர் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். அவருக்கு உதவ வந்தவர் எதைக் கேட்டாலும் சரி என்பார். அந்த அறையில் அவசரப்படாமல் இருக்கச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நீங்கள்தான்.

பக்கத்து மேசை புஷ்பா இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டே ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தாள். என்னோடு பல வருடம் வேலை பார்த்தவள். என்னைத் திட்டுவதை வேலையின் ஒரு பகுதியாகவே செய்துவந்தவள்.

“அவ்வளவு அக்கறைன்னா நீயே சேர்ந்துடேன், சேவியரு,” என்றாள். “ஸ்டாஃபுக்குத்தான் வருஷத்துக்கு ஒரு பாடம் உண்டுல்ல? உனக்கு இனிமே எவன் இன்டர்வியூ வைக்கப்போறான்?”

அவள் கேலியாகத்தான் சொன்னாள். என் வாழ்க்கையின் பெரிய முடிவுகளில் பல, மற்றவர்கள் கேலியாகச் சொன்னதை நான் நேராக எடுத்துக்கொண்டதால் வந்தவை. என் திருமணமும் அதில் சேர்த்தி.

விதியைப் படித்தேன். ஊழியர் ஒருவர் பாடம் எடுக்கலாம். அவரும் எண்ணிக்கையில் சேர்வாரா என்று பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். உறுதி செய்திருந்தால் சேர்வார் என்று பதில் வந்தது. பாடம் நடத்தும் பேராசிரியரிடம் போனேன். அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். நடுவில் வயிற்றருகே கொஞ்சம் தாமதித்தார். நடப்பீர்களா என்று கேட்டார். தினமும் லிஃப்ட்வரை நடப்பதாகச் சொன்னேன். ஒப்புக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை பாடத்தைத் தேர்வு செய்தேன். சிஸ்டம் ஐந்து என்று காட்டியது. அன்று மாலை கவிதா கறிபஃப் வாங்கிக்கொண்டு வந்தார். நானும் புஷ்பாவும் சாப்பிட்டோம். புஷ்பா அதிகம் சாப்பிட்டாள். யோசனை தன்னுடையது என்றாள்.

வெள்ளிக்கிழமை எனக்கு அரைநாள் விடுப்பு. மனைவி ஸ்டெல்லாவின் பிளவுஸைத் தையற்கடையிலிருந்து வாங்கி வர ஃபேரர் பார்க் போனேன். தையற்காரர் இன்னும் அரைமணி நேரம் என்றார். அதன் உண்மையான பொருள் தெரிந்தவனாகையால் பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில் ஒரு மசாலா தோசை சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தோசை வந்தது. கூடவே போனும் வந்தது.

“அண்ணே, நாலு காட்டுது.”

அதுவரை நான் மிஸ்டர் சேவியர். திடீரென்று அண்ணன் ஆனபோதே ஏதோ பெரிதாகக் கவிழ்ந்திருப்பது புரிந்தது.

“யாரு விலகினது? அந்த மடையன் யாருன்னு பாத்தீங்களா?”

“பாத்தேன். நீங்கதான்.”

“நான் விலகலியே.”

“கன்ஃபர்ம் பண்ணலியே! தேர்வு செஞ்சதோட விட்டுட்டீங்க. கடைசி நாளாச்சே, இப்ப கன்ஃபர்ம் பண்ணவங்கள மட்டுந்தான் காட்டுது.”

பதிவு முடியும் வாரத்தில் மாணவர்களுக்கு ஒரு நினைவூட்டல் மின்னஞ்சல் போகும். அதை எழுதுவது என் பொறுப்பு. ‘தேர்வு செய்வது போதாது, உறுதி செய்யுங்கள்’ என்று தொடங்கும். ‘இது மற்றவர்களுக்கு எழுதப்பட்டது என்று நினைப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்’ என்று முடியும். அந்தக் கடைசி வரி குறித்து எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அந்த வாரம் அது எனக்கும் வந்திருந்தது. நான் திறக்கவில்லை. அனுப்பியவனே நான். உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

“அண்ணே, இருக்கீங்களா? அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க.”

“இருக்கேன்.”

“ஸ்டாஃப் லாகின்ல போங்க. உங்ககிட்டதான் எல்லா சாவியும் இருக்கே. உங்க பேர நீங்களே போட்டுடுங்க லா, ப்ளீஸ்.”

முடியும். போனிலேயே முடியும். ஒரு நிமிட வேலை. விரல்கூட அந்தப் பக்கம் போய்விட்டது.

“வேணாம் கவிதா.”

“ஏன்?”

“சேவியர் பேரச் சேவியரே அனுமதிச்ச மாதிரி நிக்கும். செமஸ்டர் நடுவுல யாராச்சும் கணக்குப் பாத்து என் பதிவே செல்லாதுன்னுட்டாங்கன்னா, ஆரம்பத்துலேர்ந்தே நாலு பேருதான்னு ஆயிடும். அப்ப பாடமும் போயிடும், உங்க காலக்கெடுவும் முடிஞ்சிருக்கும். இப்பவாச்சும் ஒரு வழி இருக்கு. அப்ப ஒண்ணும் இருக்காது.”

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு புதுக் குரல் வந்தது. வகுப்பில் கடைசி வரிசைக்காரர்களிடம் பேசும் ஆசிரியையின் குரல்.

“சரி. எதையும் அழுத்தாதீங்க. உக்காந்திருக்கீங்களா, நின்னுக்கிட்டிருக்கீங்களா?”

“உக்காந்திருக்கேன்.”

“கை சுத்தமா இருக்கா?”

“சாம்பார்.”

“தொடைங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. ஸ்டூடண்ட் லாகின் திறங்க. உங்க ஸ்டூடண்ட் நம்பர் என்ன?”

மாணவர் எண்ணை மனப்பாடம் செய்யுங்கள் என்று கவுண்ட்டருக்கு வந்த அத்தனை பேரிடமும் சொன்னவன் நான். என் எண் எனக்குத் தெரியவில்லை. வரவேற்பு மின்னஞ்சலில் இருக்கும் என்றார் கவிதா. அந்த மின்னஞ்சல் எங்கே? பதிவு சிஸ்டம் அனுப்பும் எல்லாமே என் பெட்டிக்கு வந்ததும் தானாக ஒரு தனி ஃபோல்டருக்குள் போய்விழும்படி நான்தான் எப்போதோ செய்துவைத்திருந்தேன். அந்த ஃபோல்டருக்குத் ‘தொல்லை’ என்று பெயர்.

“தொல்லைக்குள்ள போங்க,” என்றார் கவிதா.

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் போனை எட்டிப் பார்த்தார். “மேல இருக்கு பாருங்க தம்பி, மேல,” என்றார். மேலேதான் இருந்தது. எண் கிடைத்தது. கடவுச்சொல்லைத் தட்டினேன். தவறு. மறுபடி தட்டினேன். தவறு. ஸ்டெல்லாவின் பிறந்தநாள் என்று நினைத்து நான் தட்டியது ஸ்டெல்லாவின் பிறந்தநாள் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சரியான தேதியை அவளிடமே கேட்க இன்னொரு போன் போட வேண்டியிருந்தது. அந்த உரையாடலை இங்கே எழுதவில்லை.

உள்ளே போய்விட்டேன். பாடம் இருந்தது. ‘உறுதி செய்’ இருந்தது. அழுத்தினேன். உடனே ஒரு கேள்வி வந்து நின்றது. ‘இந்தப் பாடம் குறித்து உங்கள் ஆலோசகருடன் கலந்து பேசினீர்களா?’

மாணவர்கள் யோசிக்காமல் அழுத்துகிறார்கள் என்று அந்தக் கேள்வியைச் சேர்க்கச் சொன்னதும் நான்தான். என் ஆலோசகர் என்ற இடத்தில் என் பெயரே இருந்தது. கலந்து பேசினேன். சுருக்கமாக. ‘ஆம்’ என்று அழுத்தினேன்.

திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பெரியவரும் நானும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அஞ்சு,” என்றார் கவிதா.

பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கடைக்காரரிடம் இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டேன்.

இந்த இடத்தில் ஒரு புத்தி. நீங்கள் எழுதுகிற அறிவிப்பை அனுப்பும் முன், உங்களைப் பிடிக்காத யாரோ உங்களுக்கு எழுதியது போலப் படித்துப் பாருங்கள். அனுப்பிய பிறகும் ஒரு தரம் படியுங்கள். உங்களுக்கும் வந்திருக்கலாம்.

பாடம் உறுதியானதும் விலகிவிடுவது என் திட்டம். என் வயதில் ‘விலகினார்’ என்ற குறிப்பு ஓர் அணிகலன் மாதிரி. ஆனால் முதல் வகுப்பிலேயே பேராசிரியர் குழு பிரித்தார். மற்ற மூவரும் ஒரு குழு, கவிதாவும் நானும் ஒரு குழு. ஒரு குழுவுக்கு ஒரு வரைபடம், அதற்கு மதிப்பெண் பொது. கட்டாயப் பாடத்தில் கவிதாவுக்குக் குறைந்தது பி வேண்டும். நான் போனால் பாதி வரைபடமும் போகும்.

“ஓடிடலாம்னு பாத்தீங்களா?” என்றார் கவிதா.

“சேச்சே.”

“மூஞ்சியிலயே தெரியுது.”

எங்களுக்குக் கிடைத்தது ஃபேரர் பார்க்கை ஒட்டிய ஜாலான் புசார் தெருவில் ஒரு துண்டு. சாலையின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். அவர் சனிக்கிழமைகளில் போனார். நான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, தொப்பியும் தண்ணீர் போத்தலுமாகப் போனேன். ஃபேரர் பார்க்கில் வளர்ந்தவன் நான், இந்தப் பக்கம் எனக்கா தெரியாது என்று கவிதாவிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தேன்.

போன இடத்தில் கடைக்குக் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் ‘காலி’, ‘காலி’ என்று குறித்தேன். அன்றிரவு உணர்ச்சிவசப்பட்டு என் கட்டுரைக்கு ஒரு பக்கம் எழுதினேன். நகர வளர்ச்சி ஒரு தெருவை எப்படி மெல்ல மெல்லக் கொல்கிறது என்று. நன்றாக வந்திருந்தது. ஸ்டெல்லாவிடம் படித்துக் காட்டினேன். அவளே டிவியை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

பேராசிரியர் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்தார். ஒரு பக்கம் வண்ணம் வண்ணமாக இருந்தது. மறுபக்கம் முழுக்கச் சாம்பல் நிறம். நடுவில் இருப்பது சாலையா, போர்முனையா என்று கேட்டார்.

கவிதா என் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, எப்ப போனீங்க?”

“ஞாயித்துக்கிழமை.”

“எல்லா வாட்டியும்?”

“எல்லா வாட்டியும்.”

“ஞாயித்துக்கிழமை ஹார்ட்வேர் கடை எவன் திறப்பான்?”

நான் வரைபடத்தைப் பார்த்தேன்.

“இந்த ஏரியாவுல வளந்தேன்னு சொன்னீங்களே.”

“வளந்தேன். ஹார்ட்வேர் வாங்கல.”

பேராசிரியர் சிரிக்கவில்லை. இப்படியே போனால் பி வராது என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமைக்குள் திருத்திக் கொடுக்க அனுமதித்தார். வெளியே வந்ததும் கவிதா நடைவழிச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய பட்டத்தைக் காப்பாற்ற வந்து, அதற்கே குழி தோண்டிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நகைச்சுவையாக ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. என் பணிக்காலத்தின் மிகச் சிறந்த முடிவுகளில் அதுவும் ஒன்று.

“சனிக்கிழமை காலையில வாங்க,” என்றார் கண்ணைத் திறக்காமல். “ஒண்ணா நடப்போம். என் கண் முன்னால நீங்க எழுதணும்.”

சனிக்கிழமை அந்தத் தெரு வேறு தெருவாக இருந்தது. நடைபாதை முழுக்கக் குழாய்கள், ஏணிகள், சங்கிலிகள், பூட்டுகள். லாரிகள் வந்து நின்று ஏற்றிக்கொண்டு போயின. இறந்துவிட்டதாக நான் எழுதிய ஒரு கடையின் சீன முதலாளி, என்ன குறித்துக்கொள்கிறாய் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன், போன வாரம் இந்தக் கடையைக் காலி என்று எழுதிவிட்டேன் என்று. அவர் வாய்விட்டுச் சிரித்து, உள்ளே வேலை செய்தவர்களை எல்லாம் கூப்பிட்டு என்னைக் காட்டினார். ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கவிதாவும் அப்போது சிரித்தார். அந்த செமஸ்டரில் முதல் முறை.

“எழுதுங்கண்ணே,” என்றார். “ஆணி, போல்ட்டு, உயிரோட இருக்கு.”

திங்கட்கிழமை கொடுத்தோம். வரைபடம் தேறியது. கட்டுரைக்கு மட்டும் அவரவருக்குத் தனி மதிப்பெண். கவிதாவுக்கு பி பிளஸ். எனக்கு பி மைனஸ். அந்தத் தெருவின் மரணம் பற்றிய பக்கத்தை நீக்க எனக்கு மனம் வராததே காரணம் என்று பேராசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஒரு பழக்கம் வைத்திருந்தேன். பதிவு மூடும் நாளில் ‘உறுதி செய்யாதவர்கள்’ என்று சிஸ்டம் ஒரு வரிசை காட்டும். முன்பெல்லாம் அவர்கள் வரமாட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போவேன். பிறகு ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல், இரவு ஷிப்ட், சிலருக்குப் பயம். ஒருவர் நிஜமாகவே வேண்டாம் என்றுதான் இருந்தார், அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நீங்களும் போன் போடுங்கள். ஒருவரைக் காலி என்று எழுதும் முன் அன்று என்ன கிழமை என்று பாருங்கள்.

பட்டமளிப்பு விழாவில் நான் வழக்கம்போல வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். கவிதா மேடையேறி இறங்கினார். அங்கி தடுக்கியது, விழவில்லை. வெளியே அவர் கணவரும் மகளும் பூங்கொத்தோடு நின்றிருந்தார்கள். கவிதா என்னை இழுத்துக்கொண்டுபோய் மகளிடம் காட்டினார்.

“இவருதான் அம்மாவோட கிளாஸ்மேட்.”

அந்தப் பெண் என் தலைமுடியைப் பார்த்தாள். இருந்த இடத்தையும் இல்லாத இடத்தையும்.

“இந்த அங்கிளும் பாஸாம்மா?”

“பாஸுதான்,” என்றார் கவிதா. “ஆனா கன்ஃபர்ம் பண்ணிட்டாரான்னு நீயே கேளு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய், போனை எடுத்து ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.